பெரிய மனிதருக்குப் பசி இல்லை

அன்று சிகாகோவில் அந்த ஓட்டல் அறையில் இருந்தவர்கள் இவர்கள்: படகோட்டிகள் என்ற கூடைப்பந்து அணியின் பொது மேலாளர் கிராண்ட் ஹோல்கம், அதே அணியில் பெரிய மனிதர்களை மதிப்பிடும் பிரிவின் இயக்குநர் டாக்டர் வெண்டல் மார்ஷ், கல்லூரி கல்லூரியாகப் போய் ஆட்டக்காரர்களைப் பார்த்துவிட்டு வரும் கிழட்டுத் தேர்வாளர் ரூடி லாஸ்கர், பையனின் முகவர் டெரி வேட், பையன் எம்மெட் டாலிவர், அவனுடைய தாயார் வெர்னெல், தகப்பனார் ஆம்ப்ரோஸ் டாலிவர். வேறு யாரும் இல்லை. தாமும் அங்கே இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் அங்கே இல்லை.

பெரிய மனிதர் என்றால் நாலு பேர் எழுந்து நின்று மரியாதை செய்யும் ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. கூடைப்பந்து ஆட்டத்தில் வளையத்துக்குக் கீழே நின்றுகொண்டு, மேலே வரும் பந்தைப் பிடித்து, மேலே வந்து விழும் ஆட்களைத் தாங்குகிறானே, அந்த உயரமான ஆட்டக்காரனுக்கு அந்தத் தொழிலில் அப்படிப் பெயர். ஆண்டுக்கொருமுறை தொழில்முறை அணிகள் முறை வைத்துக்கொண்டு கல்லூரிப் பையன்களைப் பொறுக்கும். அந்த டிராஃப்டில் பெயர் கூப்பிடப்பட்டவன் ஆட்டக்காரன். கூப்பிடப்படாதவன் வெறும் உயரமான ஆள்.

எம்மெட் தன் பெயர் கூப்பிடப்படும் என்று பதினொரு வயதிலிருந்து காத்திருந்தவன். ஒஹையோவில் ஒரு சிறிய கல்லூரிக்கு நான்கு ஆண்டு ஆடினான். வலது முட்டியில் ஒருமுறை கத்தி வைத்தாயிற்று. இன்னொரு ஆண்டு காத்திருக்க அந்த முட்டி ஒப்புக்கொள்ளாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவன்மேல் கண் வைத்திருந்த அணிகள் ஒவ்வொன்றாக விலகிவிட்டன. படகோட்டிகள் அணி மட்டும் இன்னும் விலகவில்லை. ஆகவே அந்த அறை.

அறைக்கு வருமுன் காலையில் அளவெடுப்பு நடந்தது. காலணியோடு ஓர் உயரம், காலணி இல்லாமல் ஓர் உயரம், கையைத் தூக்கினால் ஓர் உயரம், தூக்கிய கையோடு குதித்தால் ஓர் உயரம். கைகளை விரித்து அளந்தார்கள்; உள்ளங்கையை அளந்தார்கள். ஒவ்வோர் அளவுக்கும் டாக்டர் மார்ஷ் துக்கம் விசாரிக்க வந்தவர்போலத் தலையை ஆட்டினார். அவர் வைத்தியம் படித்த டாக்டர் அல்லர். எதைப் படித்த டாக்டர் என்று வெர்னெல் மரியாதையாகக் கேட்டதற்கு, "மனிதர்களை" என்றார்.

"பையன் பெரிய ஆள்தாம்மா, இல்லேன்னு சொல்லல" என்றார் கிழவர் லாஸ்கர். "ஆனா இப்பல்லாம் பெரிய ஆளுங்க சின்ன ஆளுங்க மாதிரி ஆடணும். தூரத்துல நின்னு பந்தைப் போடணும், ஓடணும், வளையணும்."

"அப்போ சின்ன ஆளையே எடுத்துக்கலாமேங்க?"

"சின்ன ஆளு உயரமா இருக்கமாட்டானே."

வெர்னெல் இதை யோசித்துப் பார்த்தாள். எங்கே பிழை என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அந்த இடத்தில் அது யாருக்கும் பிடிபடவில்லை.

பிறகு பெற்றோரையும் அளக்க வேண்டும் என்றார்கள். பையன் இன்னும் வளர்வானா என்று தெரிய வேண்டுமாம். "இருபத்திரண்டு வயசாச்சே" என்றார் ஆம்ப்ரோஸ். "அதுதான் எங்களுக்கும் கவலை" என்றார் டாக்டர் மார்ஷ்.

ஆம்ப்ரோஸ் டாலிவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர்கள் ஊரான டொலீடோவில், மாவட்ட நீதிமன்றத்தில், சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்களுக்கு உறுதிமொழி சொல்லிக் கொடுக்கும் எழுத்தராக ஓய்வுபெறும்வரை இருந்தவர். வலது கையை உயர்த்துங்கள் என்று அவர் சொன்னால் கொலைகாரனும் உயர்த்துவான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு எப்படிப் போவாரோ அப்படித்தான் குப்பைத்தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டும் போவார். நாற்காலியில் முதுகு சாய்த்து அவரை யாரும் பார்த்ததில்லை. நாற்காலிகளின் முதுகு வேறு ஆட்களுக்காகச் செய்யப்பட்டது என்று அவர் எண்ணம்.

அப்படிப்பட்டவர், முன்பின் தெரியாத ஆட்கள் நடுவே, உடற்பயிற்சிக் கூடத்தின் தரையில் காலணிகளைக் கழற்றினார். வெர்னெல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அளவுக்காக அல்ல, காலுறைக்காக. காலுறையில் ஓட்டை இல்லை. டாக்டர் மார்ஷ் அவருடைய உயரத்தை எடுத்தார், கணுக்காலைப் பிடித்துப் பார்த்தார், தோளெலும்பைத் தட்டினார்.

"வாயைக் கொஞ்சம் திறக்கறீங்களா சார்? எலும்பு வலு பல்லுல தெரியும்."

"தாராளமா பாருங்க" என்றார் ஆம்ப்ரோஸ். "என் பாட்டனாரோட பாட்டனாரையும் அடிமைச் சந்தையில இப்படித்தான் மேடையில நிக்க வச்சுப் பார்த்தாங்க. அவர்கிட்ட யாரும் கேட்டுட்டுப் பார்க்கல. நீங்க கேக்கறீங்க. முன்னேற்றம்தான்."

டாக்டர் மார்ஷ் தம் கையிலிருந்த கருவியில் 'தகப்பனாரின் ஒத்துழைப்பு: நன்று' என்று பதிந்துகொண்டார்.

ஓட்டல் அறையில் கட்டில்களை அகற்றிவிட்டு ஒரு மேசை போட்டிருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று உயரமான நாற்காலிகள். இந்தப் பக்கம் ஒரு தாழ்ந்த சோபா. எம்மெட் உட்கார்ந்ததும் முட்டிகள் காதுக்கு வந்துவிட்டன. அவனுக்கு வலப்பக்கம் தாய், இடப்பக்கம் தகப்பன். முகவர் டெரி வேட் சோபாவின் கைப்பிடியில் தொற்றிக்கொண்டார்.

முதலில் ஹோல்கம் பேசினார். அவருடைய குரல் விளம்பரத்தில் கேட்கும் குரல்.

"டாலிவர் சார், அம்மா, ஒண்ணு தெரிஞ்சுக்கணும் நீங்க. படகோட்டிகள்னா வெறும் அணி இல்ல, குடும்பம். நான் இதை மேடைக்காகச் சொல்லல. இங்க ஒருத்தன் இன்னொருத்தனுக்காக உயிரைக் குடுப்பான், அவனை நாங்க விக்கற வரைக்கும். அதனால குடும்பம்னா என்னன்னு தெரியாத பையனாப் பார்த்துத்தான் எடுப்போம். ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கறவன் இதுல ஒட்டமாட்டேங்கறான்."

"ரொம்ப நல்லதுங்க" என்றாள் வெர்னெல்.

டாக்டர் மார்ஷ் முன்னால் குனிந்தார். "சரி. நேரா விஷயத்துக்கு வர்றேன். பையனுக்குப் பசி இருக்கா?"

"இருக்காதுங்க" என்றாள் வெர்னெல். "காலையில ஆறு முட்டை சாப்பிட்டான், ஒரு தட்டு உருளைக்கிழங்கு, ரொட்டி, இறைச்சிக் குழம்பு எல்லாம் ஆச்சு. இருந்தாலும் நீங்க குடுத்தா வேண்டாம்னு சொல்லமாட்டான். என்ன இருக்கு?"

டெரி வேட் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தப் பசி இல்லம்மா. உள்ளே இருக்கற பசி. இருபது வருஷமா பெரிய ஆளுங்களை ஆராய்ச்சி பண்ணிட்டு வர்றேன். சின்ன வயசுல எதையாவது இழந்தவன்தான் பந்தை இழக்கமாட்டான். இது நிரூபிச்சாச்சு. நிறைய கிடைச்சு வளர்ந்தவன் பந்து கையில வந்தா, வந்துதுன்னு சந்தோஷப்படுவான். வரலைன்னா, பரவாயில்ல இன்னொருத்தன் எடுத்துக்கட்டும்னு விட்டுடுவான்."

"அப்படித்தாங்க வளர்த்தோம்" என்றாள் வெர்னெல்.

"தெரியுது" என்றார் டாக்டர் மார்ஷ் வருத்தத்தோடு. பிறகு ஆம்ப்ரோஸின் பக்கம் திரும்பினார். "நீங்க எப்போ போனீங்க சார்?"

"எங்கே?"

"வீட்டை விட்டு."

"காலையில ஏழரைக்குப் போவேன். அஞ்சரைக்கெல்லாம் வந்துடுவேன்."

"அப்படி இல்ல. மொத்தமா."

"மொத்தமாப் போனா வேலைக்கு எப்படிங்க போறது? மதியச் சாப்பாடு வெர்னெல்தான் கட்டிக் குடுப்பா."

டாக்டர் மார்ஷ் கருவியில் ஏதோ தட்டினார். "ஜெயிலுக்குப் போயிருக்கீங்களா?"

"போயிருக்கேன்."

மேசைக்கு அந்தப் பக்கம் மூவரும் நிமிர்ந்தார்கள்.

"வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு, தேவாலயப் பாட்டுக் குழுவோட."

மூவரும் சாய்ந்தார்கள்.

குடி இல்லை. சூது இல்லை. வீடு எரிந்ததில்லை. ஒருமுறை நிலவறையில் தண்ணீர் புகுந்தது என்று வெர்னெல் உதவியாகச் சொன்னாள். எவ்வளவு ஆழம் என்று கேட்டார் டாக்டர் மார்ஷ். கணுக்கால் அளவு என்றாள். யாருடைய கணுக்கால் என்று அவர் கேட்டார். அவளுடையது என்றதும் அதை விட்டுவிட்டார். பையனுக்குத் தனி அறை உண்டா என்று கேட்டதற்கு உண்டு என்றாள். பியானோ கற்றுக்கொண்டானா என்றதற்கு, "ஏழு வருஷம்" என்றாள் பெருமையாக. ஹோல்கம் நெற்றியைத் தேய்த்தார்.

"பட்டம் வேற முடிச்சிருக்கான்" என்றார் ஆம்ப்ரோஸ்.

"அதை மன்னிச்சுடலாமான்னுதான் சார் நேத்திக்குப் பேசிட்டிருந்தோம்" என்றார் ஹோல்கம்.

எம்மெட் மெல்லப் பேசினான். "நான் கடுமையா ஆடுவேன் சார். கடைசி வருஷம் எங்க பகுதிக் கல்லூரிகள்லயே அதிகமா பந்து பிடிச்சது நான்தான்."

"பிடிச்சே. நான் பார்த்தேன்" என்றார் லாஸ்கர். "பிடிச்சுட்டு, கீழே விழுந்து கிடந்தவனைக் கையைக் குடுத்துத் தூக்கிவிட்டே. அதையும்தான் பார்த்தேன் தம்பி."

ஐந்து நிமிடம் இடைவேளை என்றார்கள்.

தாழ்வாரத்தின் கோடியில் பனிக்கட்டி கொட்டும் இயந்திரம் இருந்தது. அதன் இரைச்சலில் பேசினால் அறைக்குள் கேட்காது என்று டெரி வேட் அவர்களை அங்கே ஓட்டிக்கொண்டு போனார்.

"கதை முடிஞ்சுது" என்றார். "சுத்தமா முடிஞ்சுது. நான் எத்தனையோ பையன்களைக் கூட்டிட்டு வந்திருக்கேன், இந்த மாதிரி ஒரு சுத்தமான வீட்டை எவனும் கூட்டிட்டு வந்ததில்ல. டாலிவர் சார், கொஞ்சம் யோசிங்க. ஒரேயடியா எப்பவாவது வீட்டுல இல்லாம இருந்திருக்கீங்களா?"

"ஒருமுறை கொலம்பஸ் நகரத்துல பயிற்சிக்குப் போனேன். ரெண்டு வாரம். எம்மெட்டுக்கு எட்டு வயசிருக்கும்."

"அய்யா, அது போதுமே."

"தினமும் சாயங்காலம் போன் பண்ணினேன்."

"பண்ணலைன்னு வச்சுக்குவோம்."

"திரும்பி வரும்போது எனக்குப் பூ வைக்க ஒரு கண்ணாடி ஜாடி கூட வாங்கிட்டு வந்தாரு" என்றாள் வெர்னெல்.

"அம்மா, ஜாடியை உள்ளே சொல்லிடாதீங்க."

ஆம்ப்ரோஸின் முதுகு இன்னும் நேராயிற்று. "என் தகப்பனார் இரும்பு ஆலையில வேலை பார்த்து என்னை வளர்த்தாரு. அவரு வீட்டை விட்டுப் போகல. அவரோட தகப்பனாரும் போகல. என் பாட்டனாரோட பாட்டனாரைக் கூட்டிட்டுப் போய் வித்தாங்க. அவரே நடந்து திரும்பி வந்தாரு. இந்தக் குடும்பத்துல பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு ஓடின ஆம்பளை கிடையாது. அப்படி ஒருத்தன் உண்டுன்னு நான் சொல்லணுமா? அந்த ஒருத்தன் நானாவும் இருக்கணுமா?"

"ஓடினீங்கன்னு சொல்ல வேண்டாம் சார். கொஞ்சம் விலகி இருந்தீங்கன்னு."

"ஆயிரக்கணக்கான பேருக்கு நான் உறுதிமொழி சொல்லிக் குடுத்திருக்கேன் தம்பி."

"இங்க யாரும் உறுதிமொழி கேக்கலையே சார்."

அதுவரை இயந்திரத்தில் சாய்ந்து நின்ற எம்மெட் வாய் திறந்தான். ஏழடி ஆள், குரல் மட்டும் எங்கோ உள்ளே கிடந்தது.

"அப்பா. மத்தவங்க எல்லாம் போயிட்டாங்க. இவங்களும் போயிட்டா யாருமில்ல. ஒரு வாரமா எனக்குத் தின்னது எதுவும் உள்ளே நிக்கல, அம்மா கிட்ட சொல்லல. காலையில தின்ன முட்டை கூட இல்ல. எனக்கு வேற எதுவும் தெரியாதுப்பா."

"பட்டம் வாங்கியிருக்கேடா."

"அப்பா."

ஆம்ப்ரோஸ் மகனை நிமிர்ந்து பார்த்தார். நிமிர்ந்து பார்க்க வேண்டிய மகன் என்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு; அதை யாரிடமும் சொன்னதில்லை.

"நீங்க பொய் சொல்ல வேண்டாம்" என்றான் எம்மெட். "நான் சொல்லிக்கறேன். நீங்க சும்மா இருங்க. அது மட்டும் போதும்."

சும்மா இருப்பது எவ்வளவு பெரிய சாட்சியம் என்று ஆம்ப்ரோஸுக்குத் தெரியும். சும்மா இருந்தே தூக்குமேடைவரை ஆளை அனுப்பியவர்களை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். பனிக்கட்டி தொட்டிக்குள் சரிந்து விழுந்தது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அறையை நோக்கி நடந்தார்.

"சொல்ல மறந்துட்டேன் சார்" என்று ஆரம்பித்தான் எம்மெட், சோபாவில் உட்காருமுன்பே. "எங்கப்பா எங்களை விட்டுட்டுப் போயிட்டாரு. எனக்கு எட்டு வயசு."

தகப்பனாரின் பார்வை தன்னாலேயே பையனின் வலது கைக்குப் போயிற்று. அதற்குள் அவன் உட்கார்ந்துவிட்டான்; கை முட்டியின்மேல், கத்தி வைத்த தழும்பை மூடிக்கொண்டு கிடந்தது. அவர் பார்வையைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்படியா?" என்றார் டாக்டர் மார்ஷ். அவர் முகத்தில் காலையிலிருந்து முதல் முறையாக ரத்தம் ஓடிற்று. "அப்போ இவரு யாரு?"

"அவருதான்" என்றார் டெரி வேட். "பின்னாடி திரும்பி வந்துட்டாரு."

"ஐயோ. திரும்பி வந்துட்டா பாதிதான்."

"ரொம்பத் தாமதமாத்தான் வந்தாரு டாக்டர். அதுவும் ஒரு மாதிரியாத்தான் வந்தாரு."

டாக்டர் மார்ஷ் ஆம்ப்ரோஸை ஏற இறங்கப் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை, முடிச்சு மாறாத டை, முழங்காலின்மேல் தொப்பி. "பார்த்தா விட்டுட்டுப் போற ஆளு மாதிரி இல்லையே."

"எந்த ஆளும் பார்த்தா அப்படி இருக்கமாட்டான்" என்றார் லாஸ்கர் அனுபவத்தோடு.

"எனக்கு ஒண்ணு பார்க்கணும்" என்றார் டாக்டர் மார்ஷ். "இது எங்களோட முறை, தப்பா நினைக்காதீங்க. சார் இப்போ எழுந்து, அந்தக் கதவு வழியா, அன்னைக்குப் போன மாதிரியே வெளியே போகட்டும். நான் அவரைப் பார்க்கப் போறதில்ல. பையனோட முகத்தைப் பார்ப்பேன். பசி இருந்தா அங்க தெரியும்."

வெர்னெல் கணவர் பக்கம் திரும்பினாள். எம்மெட் யார் பக்கமும் திரும்பவில்லை.

ஆம்ப்ரோஸ் டாலிவர் எழுந்தார். "மன்னிக்கணும்" என்று மேசைப் பக்கம் தலை குனிந்தார். வழியில் கோணலாகக் கிடந்த ஒரு நாற்காலியை நேராக்கினார். கதவைத் திறந்து, வெளியே போய், சத்தமில்லாமல் சாத்தினார்.

கதவு மறுபடி திறந்தது. டாக்டர் மார்ஷ் தலையை நீட்டினார்.

"சார், நீங்க கழிவறைக்குப் போற மாதிரி போறீங்க. கொஞ்சம் கோபம் வேணும். மன்னிப்பு வேண்டாம். கதவை அறைஞ்சு சாத்துங்க. அப்புறம், ஒரு பெட்டி இருந்தா நல்லாயிருக்கும்."

பெட்டிக்கு ஹோல்கம்முடைய பெட்டியைக் கொடுத்தார்கள். சக்கரம் வைத்த, விலை உயர்ந்த, பச்சை நிறப் பெட்டி. அன்று மாலை அவர் விமானம் ஏறவிருந்ததால் அது தயாராக இருந்தது. "ஜாக்கிரதை சார், உள்ளே சட்டைங்க இருக்கு" என்றார் ஹோல்கம்.

ஆம்ப்ரோஸ் இரண்டாம் முறை சோபாவில் உட்கார்ந்து, இரண்டாம் முறை எழுந்தார். இந்தத் தடவை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பெட்டி பின்னால் உருண்டு வந்தது. வாழ்நாளில் ஒரு கதவையும் அறைந்து சாத்தியிராதவர், வெளியே போனதும் முழு பலத்தையும் கொடுத்து இழுத்தார். ஓட்டல் கதவு அது. மேலே பொருத்திய இரும்புக் கை அதை இழுக்கவிடவில்லை. பெருமூச்சு விடுவதுபோல, தன் போக்கில், அங்குலம் அங்குலமாக மூடிற்று. அந்த இடுக்கு குறுகுவதை ஆம்ப்ரோஸ் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடுக்கில் மகனுடைய முகம் இருந்தது, பிறகு பாதி முகம், பிறகு இல்லை.

உடனே கதவு மறுபடி திறந்தது. வெர்னெல் கைப்பையோடு வெளியே வந்தாள்.

"நீ ஏன் வந்தே?"

"நீங்க பெட்டியை இழுத்துட்டுப் போவீங்க, நான் உக்கார்ந்து பார்த்துட்டிருக்கணுமா?" என்றாள். "முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவ நான், மிஸ்டர் டாலிவர். யாரும் என்னை விட்டுட்டுப் போன மாதிரி ஒரு நாடகத்துல நான் நடிக்கமாட்டேன்."

"நீயும்ல பிள்ளையை விட்டுட்டு வந்துட்டே."

"உங்களைத் தனியா ஓட விடுவேனா" என்று சொல்லி, அவருடைய டையைச் சரிசெய்தாள்.

உள்ளே டாக்டர் மார்ஷின் குரல் உயர்ந்தது. "ரெண்டு பேருமா? ரெண்டு பேருமே போயிட்டாங்களா? ஹோல்கம், இது நம்ம அளவுகோல்லயே இல்ல."

பிறகு இன்னொரு சத்தம் கேட்டது. முதலில் அது என்னவென்று இருவருக்கும் விளங்கவில்லை. எம்மெட் சிறுவயதில்கூட அதிகம் அழாத பிள்ளை. வளர்ந்த பிறகு அவன் அழுது அவர்கள் கேட்டதில்லை. பெரிய உடம்பிலிருந்து வரும் அழுகை பெரிதாகத்தான் இருந்தது.

"பாருய்யா" என்றார் லாஸ்கர். "உள்ளே இன்ஜின் இருக்கு பையனுக்கு."

"அப்பா" என்று கூப்பிட்டான் எம்மெட். "அப்பா, போதும். உள்ளே வாங்க."

ஆம்ப்ரோஸின் கை கைப்பிடியில் இருந்தது. அதை அழுத்தியும் விட்டார். கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. அந்த இடுக்கில் டெரி வேட்டின் வாய் வந்தது.

"வராதீங்க சார்" என்றது. "அருமையாப் போயிட்டிருக்கு. பத்து நிமிஷம். தயவு பண்ணி வராதீங்க."

"அவன் கூப்பிடறான்."

"கூப்பிடட்டும் சார். கூப்பிடக் கூப்பிட மேலே போகுது. நீங்க இப்போ வந்தீங்கன்னா, வந்த அப்பா ஆயிடுவீங்க."

பிள்ளை இன்னும் இரண்டு முறை கூப்பிட்டான். உள்ளே போனால் அவன் கேட்டது கெடும். போகாவிட்டால் அவன் கூப்பிட்டது கெடும். இந்த மாதிரி வழக்கு அவர் வேலை பார்த்த நீதிமன்றத்தில் வந்ததே இல்லை. ஆம்ப்ரோஸ் டாலிவர் கைப்பிடியை விட்டார். அடுத்தவனுடைய பச்சைப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரில் சாயாமல், தாழ்வாரத்தில் நின்றார். அன்று வேறு எதையும் விட அதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. அதைச் செய்தார்.

டிராஃப்ட் நடந்த நாள் மாலை டொலீடோவில் அவர்கள் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. தேவாலயத்திலிருந்து வந்திருந்தார்கள், நீதிமன்றத்திலிருந்து வந்திருந்தார்கள், தெருவே வந்திருந்தது. வெர்னெல் உருளைக்கிழங்கு சாலட்டை ஆளுக்காளுக்குத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. முதல் சுற்று போயிற்று. பையன் தொலைக்காட்சியைப் பார்க்க மாட்டாமல் தரையில் உட்கார்ந்து தலையை முழங்காலில் வைத்துக்கொண்டான். இரண்டாவதும் கடைசியுமான சுற்றின் வாலில், பலர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பவிருந்த நேரத்தில், படகோட்டிகள் அணி எம்மெட் டாலிவரைக் கூப்பிட்டது.

வீடு எழுந்து கூத்தாடிற்று. எம்மெட் தாயைத் தூக்கிச் சுற்றினான். கரண்டி பறந்தது. அந்தச் சத்தம் அடங்கும்போது, தொலைக்காட்சியில் ஒருவர் உருகிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"எட்டு வயதில் பெற்ற தாயும் தகப்பனும் ஒரே நாளில் கைவிட்டுச் சென்ற பிள்ளை. யாருமற்ற அந்தச் சிறுவன் இன்று பெரிய மனிதன்."

கூடத்தில் இருந்தவர்கள் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். பிறகு பெற்ற தாயைப் பார்த்தார்கள். அவள் கையில் சாலட் பாத்திரம் இருந்தது. பிறகு தகப்பனாரைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பிள்ளையின் எட்டாம் பிறந்தநாள் விருந்து நினைவிருந்தது. ஆனால் தொலைக்காட்சியில் சொல்கிறார்களே என்று அவர்களுக்கே தங்கள் நினைவின்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

மறுக்க வழியில்லை. மறுத்தால் பிள்ளை பொய்யனாவான். அணி அவனுடைய படத்தை நகரமெங்கும் ஒட்டியது: காலித் தட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எம்மெட், கீழே 'பசி' என்று ஒரே ஒரு சொல். அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு வெர்னெல் இரண்டு நாள் சமைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போதகர் ஆம்ப்ரோஸின் கையை நெடுநேரம் பிடித்துக்கொண்டு, "திரும்பி வந்தீங்களே சகோதரரே, அதுக்கு ஸ்தோத்திரம்" என்றார். நாற்பது ஆண்டாக அதே இருக்கையில் உட்காருகிற ஆம்ப்ரோஸ், "ஆமென்" என்றார்.

அக்டோபரில் முதல் ஆட்டத்துக்கு முன்பே அணி எம்மெட்டை வேண்டாமென்று விடுவித்துவிட்டது. ஏன் என்று கேட்க அவன் போட்ட அழைப்பை அணியில் யாரும் எடுக்கவில்லை. ஆகவே தகப்பனார் தாமே டாக்டர் மார்ஷைத் தொலைபேசியில் பிடித்தார். யார் பேசுவது என்று மார்ஷ் கேட்கவில்லை. குடும்பத்தினர் என்றதும் தாமே பேச ஆரம்பித்துவிட்டார்.

"திறமையில குறையே இல்லைங்க. ஆனா எங்க ஆராய்ச்சி இந்த வருஷம் மாறியிருக்கு. இப்போ நாங்க பசியைப் பார்க்கறதில்ல, வேரைப் பார்க்கறோம். நிலையான வீட்டுல வளர்ந்தவன்தான் தோத்தாலும் மறுநாள் எழுந்து வர்றான். இது நிரூபிச்சாச்சு. இந்தப் பையன் தோத்தா உடைஞ்சுடறான், அழறான், நாங்களே பார்த்திருக்கோம். சின்ன வயசுல கூடவே ஒரு அப்பா மட்டும் இருந்திருந்தா, இந்நேரம் முதல் சுற்றுலயே போயிருப்பான். என்ன பண்றது, பாவம்."

"ஆமாங்க" என்றார் ஆம்ப்ரோஸ். "பாவம்."

எம்மெட் இப்போது போலந்தில் ஆடுகிறான். அங்கே யாரும் அவன் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. பந்தைப் பிடிக்கச் சொல்கிறார்கள், பிடிக்கிறான். முட்டி இந்தக் குளிர்காலம்வரை தாங்கும் என்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனாரோடு பேசுகிறான். சிகாகோவைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

டொலீடோவில் இன்னும் ஒரு பேச்சு உலவுகிறது. ஆம்ப்ரோஸ் டாலிவர் மனைவியையும் எட்டு வயதுப் பிள்ளையையும் விட்டுவிட்டு கொலம்பஸுக்குப் போனார், அங்கே வேறொருத்தியோடு இருந்தார், பிள்ளை பெரிய மனிதனாகப் போகிறான் என்று தெரிந்ததும் பச்சைப் பெட்டியோடு திரும்பி வந்தார் என்கிறார்கள். அது உண்மையல்ல. பெட்டி ஹோல்கம்முடையது. ஆம்ப்ரோஸ் டாலிவர் எங்கும் போகவில்லை. அவர் கதவுக்கு வெளியே நின்றார்.